அடிதடி வழக்குக்கு இலவச வக்கீல்: சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர் அலுவலகம் எப்படி?

மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் "சட்டப்பணிகள் ஆணைக்குழு" என்று ஒரு பலகை இருக்கும். லோக் அதாலத் நடத்துகிறவர்கள் என்பதற்கு மேல் அதைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. அதே ஆணைக்குழுவின் கீழ், குற்ற வழக்கில் சிக்கியவர்களுக்காக மட்டும் வாதாட ஒரு தனி அலுவலகம் இயங்குகிறது. சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர் அலுவலகம் என்று பெயர். வளாகத்துக்குள் எல்.ஏ.டி.சி. என்றால் போதும், வழி காட்டிவிடுவார்கள். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2022-ல் கொண்டுவந்த திட்டம் இது. தலைமை வழக்கறிஞர், துணை வழக்கறிஞர், உதவி வழக்கறிஞர் என்று முழுநேரமும் இந்த வேலையை மட்டுமே பார்ப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். வெளியில் தனியாக வழக்கு எடுக்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

என் தம்பி மேல் போடப்பட்ட அடிதடி வழக்கை முதல் நாளிலிருந்து தீர்ப்பு வரை அவர்கள்தான் நடத்தினார்கள். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். வழக்கு நடத்திய விதத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். நமக்குத் தகவல் சொல்லும் விஷயத்தில் பாதிதான் தர முடியும். மொத்தமாகக் கேட்டால் ஐந்துக்கு நான்கு. "இலவசம் என்றால் சும்மா வந்து நின்றுவிட்டுப் போவார்கள்" என்று எங்களுக்கும் பல பேர் சொன்னார்கள். எங்கள் வழக்கில் அப்படி நடக்கவில்லை.

சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தம்பி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். தெருவில் வண்டியை நிறுத்தியது தொடர்பாகப் பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்த்தகராறு வந்து கைகலப்பில் முடிந்தது. அவர் கீழே விழுந்ததில் நெற்றியில் காயம். தம்பிக்கு இடது முன்கையில் வெட்டுக்காயம். அவர் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி காயத்துக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டிலேயே இருந்தான். மறுநாள் வழக்குப் பதிவாகி, அன்று மாலையே கைது.

எஃப்.ஐ.ஆரில் நான்கு பிரிவுகள்: 296(பி), 115(2), 118(1), 351(3). எல்லாமே பாரதிய நியாய சன்ஹிதா பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு இந்தச் சட்டம்தான். அதற்கு முன்னால் தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 324, 506(2) என்று இருந்தவையே இப்போது எண் மாறி வருகின்றன. தமிழ்நாட்டில் தெருச்சண்டை வழக்கு எதை எடுத்தாலும் இந்த நான்கும் அநேகமாக ஒன்றாகத்தான் வரும் என்பதை நீதிமன்றத்துக்கு நடந்து நடந்து தெரிந்துகொண்டேன். அசிங்கமாகத் திட்டியது, கையால் அடித்தது, ஆயுதத்தால் அடித்தது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது. வரிசை அப்படித்தான் போகும்.

எனக்கு அரிசி மண்டியில் கணக்கு எழுதும் வேலை. எண்களைப் பார்த்தால் எது பெரிது, எது சிறிது என்று பார்க்கத் தோன்றும். ஆனால் பிரிவு எண்ணைப் பார்த்து எதையும் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்த அலுவலகத்தில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வக்கீல் மேடம், ஒரு பழைய காஸ் லிஸ்ட்டின் (அன்றைய வழக்குகளின் பட்டியல்) பின்பக்கத்தில் நான்கு எண்களையும் எழுதி, 118(1)-ஐ மட்டும் வட்டம் போட்டார். "மத்ததெல்லாம் கூட வர்றதும்மா. உங்க தம்பியை உள்ளே வெச்சிருக்கிறது இதுதான்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். வெறும் கையால் அடித்துச் சாதாரணக் காயம் என்றால் 115(2). அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அது மட்டும் தனியாக இருந்தால் நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கக்கூட முடியாது. அதே காயம் கத்தியாலோ, உயிருக்கு ஆபத்து உண்டாக்கக்கூடிய வேறு ஆயுதத்தாலோ ஏற்பட்டது என்றால் 118(1) ஆகிவிடும். மூன்றாண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, நீதிமன்றம் பார்த்து முடிவுசெய்யும் வகை. காயத்தின் அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். கையில் என்ன இருந்தது என்பதுதான் வித்தியாசம். எஃப்.ஐ.ஆரில் "இரும்புக் கம்பியால் தாக்கி" என்று ஒரு வரி இருந்தது. எங்கள் வழக்கின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

இன்னொரு எண்ணையும் அந்தத் தாளின் ஓரத்தில் எழுதினார். 117(2), கொடுங்காயம். எதிர்த்தரப்பு "பல் உடைந்துவிட்டது" என்று சொல்லத் தொடங்கியிருந்த நேரம் அது. எது கொடுங்காயம் என்று 116-வது பிரிவு எட்டு வகையாகச் சொல்கிறது. கண் பார்வை, காது கேட்கும் திறன் நிரந்தரமாகப் போவது, முகம் நிரந்தரமாகச் சிதைவது போன்றவற்றோடு எலும்போ பல்லோ முறிவதும் அதில் ஒன்று. பதினைந்து நாள் கடும் வலியில் கிடந்தாலோ, அத்தனை நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம். பழைய சட்டத்தில் இது இருபது நாளாக இருந்தது. கொடுங்காயத்துக்கு ஏழாண்டு வரை தண்டனை போகும். ஒரு பல்லுக்கு அவ்வளவு கனம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பல் மருத்துவர் சான்றும் எக்ஸ்ரேவும் இல்லாமல் பிரிவை மாற்ற விடக் கூடாது என்று மேடம் அப்போதே குறித்துவைத்தார். கடைசியில் வந்த காயச் சான்றிதழில் சாதாரணக் காயம் என்றுதான் இருந்தது.

இந்த அலுவலகம் எங்களுக்குக் கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். கைதான இரவு சொந்தக்காரர் ஒருவர் ஒரு தனியார் வக்கீலை அழைத்துவந்தார். ஜாமீனுக்கு மட்டும் 30,000 ரூபாய், பாதியை இப்போதே கொடுங்கள் என்றார். எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் நடுவர் முன்னால் தம்பியை நிறுத்தியபோது, "வக்கீல் இருக்காரா?" என்று கேட்டார்கள். இல்லை என்றான். அங்கேயே இருந்த சட்ட உதவி வழக்கறிஞரை எழுந்து பார்க்கச் சொன்னார் நடுவர். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-ன் 12-வது பிரிவு அதைச் சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லாரும் அதே பட்டியலில் வருவார்கள். முதல் முறை நீதிமன்றத்தில் நிறுத்தும்போதே வக்கீல் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1981-ல் காத்ரி வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் இதை யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக் கூச வேண்டியதில்லை. எங்கள் அம்மா அப்படித்தான் கூச்சப்பட்டார். பிறகு அவரே எல்லாருக்கும் இந்த அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அன்று வந்த வக்கீல் முதலில் செய்தது தம்பியின் முழுக்கைச் சட்டையை மடித்துப் பார்த்ததுதான். கையில் இருந்த வெட்டுக்காயத்தை நடுவரிடம் காட்டி, அதைப் பதிவுசெய்யச் சொன்னார். கைதானவரை மருத்துவ அலுவலர் பரிசோதித்து, இருக்கும் காயங்களை எழுதிவைக்க வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கைதானவரோ அவர் குறிப்பிடும் ஆளோ வாங்கிக்கொள்ளலாம். குற்ற வழக்கு நடைமுறைக்கான புதிய சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-வது பிரிவு அது. அந்த நகலை எப்படி மனு எழுதி வாங்குவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், வாங்கிவந்தேன். ஸ்டேஷனில் எடுத்த ரிமாண்ட் தாள்களில் தம்பியின் காயத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பிற்பாடு இது பெரிய ஆயுதமாகப் பயன்பட்டது.

ஜாமீன் விஷயம் எனக்குப் புது உலகம். அடிதடி வழக்கில் ஜாமீன் மனு வந்தால் நீதிமன்றம் முதலில் கேட்பது, "காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா?" என்பதைத்தான். அவர் மருத்துவமனையில் இருக்கும் வரை அரசுத் தரப்பு எதிர்க்கும், மனு தள்ளிப்போகும். மனுவை உடனே போட்டுத் தோற்பதைவிட டிஸ்சார்ஜ் ஆனதை உறுதிசெய்துகொண்டு போடலாம் என்று மேடம் சொன்னபோது எனக்குப் பதற்றம் தாங்கவில்லை. கிளைச் சிறையில் தம்பி ஒவ்வொரு இரவையும் எப்படிக் கழிப்பான் என்ற நினைப்பிலேயே இருந்தேன். ஆனால் அவர் சொன்னபடி காத்திருந்து போட்டதால் முதல் விசாரணையிலேயே ஜாமீன் கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும், தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனைகள். பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் நின்றால் லோடு எப்படி ஏற்றுவது? கொஞ்ச நாளில் அதைத் தளர்த்தக் கேட்டும் அவர்களே மனுப் போட்டார்கள். வாரம் ஒருமுறை என்று ஆனது.

இதற்கிடையில் ஊரில் சமரசப் பேச்சு. "ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் கேஸ் முடிஞ்சிடும்" என்று ஒருவர் நடுவில் நின்று பேசினார். நான் போய்க் கேட்டதும் மேடம் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு ஸ்டேஷனில் எழுதும் தாளால் எந்த வழக்கும் முடியாது. 115(2) மட்டும் என்றால் காயம்பட்டவரே நீதிமன்றத்தில் வந்து ராஜியாகிவிடலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. 118(1) ராஜியாகக்கூடிய பட்டியலில் இல்லை. அதை இரு தரப்பும் சேர்ந்து முடிக்க வேண்டும் என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போய் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-வது பிரிவின் கீழ் ரத்துசெய்யக் கேட்க வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டு வழக்கும் அப்படியே நிற்கும் நிலையில் எத்தனையோ குடும்பங்கள் வந்து தன் முன்னால் உட்கார்ந்திருக்கின்றன என்றார். நாங்கள் பணம் கொடுக்கவில்லை. இந்த ஒரு ஆலோசனைக்காகவே அந்த அலுவலகத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் தரப்புப் புகாருக்கு ஸ்டேஷனில் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான் கொடுத்தார்கள், வழக்குப் பதியவில்லை. இரண்டு பக்கமும் காயம், இரண்டு பக்கமும் புகார் என்றால் அதை "கேஸ் இன் கவுன்டர்" என்கிறார்கள். இரண்டையும் ஒரே விசாரணை அதிகாரி சேர்த்து விசாரித்து யார் முதலில் கை ஓங்கினார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது இங்கே வழக்கத்தில் உள்ள நெறி. வழக்குப் பதியாவிட்டால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம், அதன் பிறகும் நடக்கவில்லை என்றால் நடுவரிடம் மனுப் போடலாம். எஸ்.பி.க்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நான் எழுதிக்கொண்டு போனேன், மேடம் அதில் பாதியை அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் குணம் எப்படி, பழைய தகராறு என்ன என்று நான் எழுதியிருந்ததெல்லாம் போய்விட்டது. தேதி, நேரம், இடம், யார் கையில் என்ன இருந்தது, காயம் எங்கே என்பது மட்டும் மிஞ்சியது.

குற்றப்பத்திரிகை வந்ததும் நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். எஃப்.ஐ.ஆர்., சாட்சிகளின் வாக்குமூலங்கள், சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் மகஜர், மருத்துவ ஆவணங்கள் எல்லாவற்றின் நகலும் குற்றம்சாட்டப்பட்டவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். கட்டாக வந்தது. அதில் மேடம் முதலில் தேடி எடுத்தது ஏ.ஆர். காப்பி. அடிபட்டு ஒருவர் அரசு மருத்துவமனைக்குப் போனால், பணி மருத்துவர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதும் பக்கத்தின் நகல் அது. வந்தவர் என்ன சொன்னார் என்பதை அதில் மருத்துவர் எழுதுவார்: எத்தனை பேர், தெரிந்தவரா தெரியாதவரா, எதனால், எங்கே, எத்தனை மணிக்கு. போலீஸ் வருவதற்கு முன்னால், யாரும் யோசனை சொல்வதற்கு முன்னால், காயம்பட்டவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு அதுதான்.

கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தது. மேடம் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இரவு 8.50. தெரிந்த நபர் ஒருவர் கையால் அடித்துக் கீழே தள்ளிவிட்டதாகச் சொல்கிறார். அவ்வளவுதான். கம்பி இல்லை. எஃப்.ஐ.ஆருக்கு அடிப்படையான வாக்குமூலம் மறுநாள் காலையில் மருத்துவமனைப் படுக்கையில் வைத்து எழுதப்பட்டது. அதில்தான் கம்பி வருகிறது. ஒரு ராத்திரிக்குள் கையில் கம்பி முளைத்திருக்கிறது. மேடம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னையே படிக்கச் சொன்னார். மண்டியில் சரக்கு வந்த சீட்டும் பில்லும் ஒத்துப்போகாமல் இருந்தால் எப்படிப் பார்ப்பேனோ அப்படித்தான் பார்த்தேன். அடிதடி வழக்கில் யார் சிக்கியிருந்தாலும், எந்த வக்கீலை வைத்திருந்தாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்: "ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது?"

விசாரணையில் மருத்துவர் சாட்சிக் கூண்டில் ஏறிய நாள் நான் பின்வரிசையில் இருந்தேன். குறுக்கு விசாரணை பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. குரலை உயர்த்தாமல் கேட்டார் மேடம். காயம்பட்டவர் சுயநினைவோடு இருந்தாரா? இருந்தார். அவர் சொன்னதைத்தான் எழுதினீர்களா? ஆமாம். ஆயுதம் எதையாவது குறிப்பிட்டாரா? இல்லை. இந்தக் காயம் கல்லில் விழுந்தாலும் ஏற்படக்கூடியதுதானே? ஏற்பட வாய்ப்பு உண்டு. அதோடு உட்கார்ந்துவிட்டார். இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. வெளியில் வந்து கேட்டபோது, "கிடைச்ச பதிலைக் கெடுத்துக்கக் கூடாதும்மா" என்றார்.

விசாரணை அதிகாரியிடம் வேறு திசையில் போனார். குற்றம்சாட்டப்பட்டவர் கையில் வெட்டுக்காயம் இருந்தது உங்களுக்குத் தெரியுமா, அது எப்படி ஏற்பட்டது என்று விசாரித்தீர்களா என்று கேட்டு, தம்பியின் மருத்துவ அறிக்கையை வழக்கின் ஆவணமாகக் குறியீடு செய்யவைத்தார். அதே சம்பவத்தில் குற்றம்சாட்டப்பட்டவருக்கு ஏற்பட்ட காயத்தை அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால், உண்மையை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் எழும் என்று 1976-ல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வாதத்தில் எடுத்து வைத்தார். தற்காப்பு உரிமையையும் சொன்னார். தன் உடம்பைக் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்குச் செய்தது குற்றம் ஆகாது, அந்த அளவைத் தாண்டினால் பாதுகாப்பு கிடையாது. தற்காப்பு என்று சொல்பவர் அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

தீர்ப்பில் 118(1), 296(பி), 351(3) மூன்றிலும் விடுதலை. 115(2) மட்டும் நிரூபணம் ஆனதாக முடிவு. தற்காப்பின் அளவைத் தம்பி தாண்டிவிட்டான் என்று நீதிமன்றம் கருதியது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் தீர்ப்பைப் படித்தால் காரணம் புரிகிறது. தண்டனை பற்றிக் கேட்ட நேரத்தில்தான் இந்த அலுவலகத்தின் அனுபவம் தெரிந்தது. தம்பிக்கு முன்வழக்கு எதுவும் இல்லை என்று காட்டி, குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958-ன் 3-வது பிரிவின் கீழ் கண்டித்து விடும்படி மேடம் கேட்டார். நடுவர் ஏற்றார். அபராதமும் இல்லை, சிறையும் இல்லை. அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு, இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது என்கிறது. கனரக வாகன உரிமம் எடுத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! நாங்களாக இருந்தால் "ஃபைனைக் கட்டிட்டு வந்துடலாம்" என்றுதான் நினைத்திருப்போம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். அடுத்த வாய்தா தேதியை அவர்களாக அழைத்துச் சொல்வதில்லை. போன் செய்தால் நீதிமன்ற நேரத்தில் எடுக்க முடியாது, மாலையில் வேறு யாராவது எடுப்பார்கள். வழக்கின் சி.என்.ஆர். எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் நானே தேதி பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டேன். பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த அந்த எண் கையில் இருந்தால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் செயலி பார்க்கத் தெரியாத பெரியவர்கள் அங்கே பெஞ்சில் தேதிக்காகவே காத்துக்கிடப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஒரு குறுஞ்செய்தி அனுப்ப ஏற்பாடு செய்தால் தீரும் பிரச்சினை.

இன்னொன்று, தனியாகப் பேச இடம் இல்லை. ஒரே அறையில் நாலு மேசை. தம்பி நடந்ததைச் சொல்லும்போது பக்கத்து மேசையில் இருப்பவர்கள் காதில் எல்லாம் விழும். வக்கீலிடம் ஒளிக்காமல் பேச வேண்டிய இடத்தில் அவன் தயங்கித் தயங்கிப் பேசினான். மேடம் அதைக் கவனித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். அது அவருடைய நல்ல மனசு. அலுவலகத்தில் ஒரு தடுப்பாவது இருக்க வேண்டும்.

மூன்றாவது குறை கொஞ்சம் பெரியது. இந்த வழக்கறிஞர்கள் ஒப்பந்த அடிப்படையில் வருகிறார்கள். எங்கள் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, ரிமாண்ட் அன்று வந்த உதவி வழக்கறிஞர் போய்ப் புதியவர் வந்தார். மேடம் இருந்ததால் எங்களுக்குப் பாதிப்பு இல்லை. அவரும் மாறியிருந்தால் மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதனால் எல்லாத் தாள்களுக்கும் ஒரு நகல் போட்டு வீட்டில் ஒரு கோப்பு வைத்திருந்தேன்.

யாருக்கு இந்த அலுவலகம் பொருந்தாது என்பதும் முக்கியம். அடிபட்டவர் தரப்புக்கு இது இல்லை. அவர்களுக்கு அதே ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வேறு வழக்கறிஞரைத் தருவார்கள், மனுவை அங்கேயே கொடுக்கலாம். முன்ஜாமீனுக்கோ வழக்கை ரத்துசெய்யவோ உயர் நீதிமன்றம் போக வேண்டும் என்றால் அங்குள்ள சட்டப்பணிகள் குழுவிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தாலுகா நீதிமன்ற வழக்குகளுக்கு வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 15100 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தால் உங்கள் பகுதி அலுவலகத்தைச் சொல்வார்கள்.

கைது ஆகும் முன்பே போகலாம் என்பதையும் பலர் அறியவில்லை. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்ய வேண்டிய அவசியம் இல்லை என்றால் போலீஸ் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தரும். அந்த நோட்டீஸ் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இல்லாவிட்டால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். காயம் இருந்தால், சின்னக் கீறலாக இருந்தாலும், முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய் ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டு வாருங்கள். ஸ்டேஷனில் வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். போலீஸ் விசாரணையில் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. விசாரணையின்போது, முழு நேரமும் இல்லாவிட்டாலும், வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு.

எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்யப்போவதாகப் பேச்சு இருக்கிறது. விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவர் செஷன்ஸ் நீதிமன்றம் போகலாம். அங்கேயும் இதே அலுவலகம் ஆஜராகும். நோட்டீஸ் வந்தால் எங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு அதே மேசைக்குத்தான் போவோம்.